மோன்கிராப்போக்களின் பூர்வீகம்

ஜி. மோன்கிராப்போ என்ற பெயரில் வேலைக்கு விண்ணப்பம் போட்டால் மான்ட்ரியலில் மறுநாளே போன் வரும். போனில் குணசீலன் பேசும் பிரெஞ்சைக் கேட்டதும் எதிர்முனையில் இருப்பவர் குரலைக் கொஞ்சம் திருத்திக்கொள்வார். அது புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு. கியூபெக்காரர்களின் காதுக்குப் பாரீஸிலிருந்து யாரோ பெரிய மனிதர் பேசுவதுபோல இருக்கும். பிறகு நேர்முகத் தேர்வு நாளன்று குணசீலன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவார். உள்ளே இருப்பவர்கள் எழுந்து நின்று, அவருடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், மோன்கிராப்போ வருகிறாரா என்று.

இருபத்திரண்டு வருஷத்தில் இது அவருக்குப் பழகிப்போயிருந்தது. டோர்வல் விமான நிலையத்தில், காணாமல்போன பெட்டிகளைத் தேடிக்கொடுக்கும் பிரிவில் வேலை. அவரோடு அதே மேசையில் உட்காரும் யாழ்ப்பாணத்துப் பேரின்பநாதனுக்குத்தான் இந்தப் பெயர்மேல் தீராத பொறாமை.

"அண்ணை, உந்தப் பேர் எனக்கு இருந்திருந்தால் நான் இப்ப மேனேஜர். என்ர பேரைக் கூப்பிட வெளிக்கிட்டு, பாதியில மூச்சு முட்டி விட்டுடுறாங்கள்" என்பார்.

"இந்தப் பேருக்கு அர்த்தம் தெரிஞ்சா கேக்க மாட்டீங்க நாதன்."

அர்த்தம் ஒன்றும் பிரமாதமில்லை. மோன் என்றால் மேடு. கிராப்போ என்றால் தேரை. குணசீலனின் வீட்டு பீரோவில் ஒரு பழைய காகிதத்தின் நகல் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஆண்டபோது, சாதி வழக்கங்களை விட்டுவிட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக்கொடுத்தவர்களுக்குப் புதிதாக ஒரு குடும்பப்பெயர் கொடுத்தார்கள். 1883இல் குணசீலனின் கொள்ளுத்தாத்தா சின்னக்கண்ணுவும் அவர் தம்பி இருசப்பனும் அப்படி எழுதிக்கொடுக்கப் போனார்கள். என்ன பெயர் வேண்டும் என்று குமாஸ்தா கேட்டார். இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சரி, எங்கே குடியிருக்கிறீர்கள் என்றார். தேரைமேடு என்றார்கள். துபாஷி அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தார். குமாஸ்தா எழுதிக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான் வம்ச வரலாறு.

மகள் சஹானாவுக்குப் பதினாறு வயது. அவள் வகுப்பில் இந்தப் பெயரைக் கூப்பிட்டாலே பின்வரிசையிலிருந்து தவளைச் சத்தம் வரும். பதினெட்டு வயது ஆனதும் முதல் வேலையாகப் பெயரை மாற்றிக்கொள்ளப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை கர்க்லாண்டில் அவர் வீட்டுப் போன் அடித்தது.

"மெஸ்யே மோன்கிராப்போ?" என்றது ஒரு முதிய குரல். "நான் ரொசேர் மோன்கிராப்போ பேசுகிறேன். உட்கார்ந்திருக்கிறீர்களா?"

குணசீலன் உட்கார்ந்தார்.

ரொசேர், அமெரிக்கக் கண்ட மோன்கிராப்போ குடும்பங்களின் சங்கத் தலைவர். ஓய்வுபெற்ற நில அளவையாளர், வயது எழுபத்தெட்டு. சங்கத்தில் ஒன்பது உறுப்பினர்கள். அதில் ஏழு பேர் நிர்வாகிகள். உலகத்தில் எந்தக் குடும்பப்பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கணக்குச் சொல்லும் ஒரு இணையதளத்தை அவர் தினமும் காலையில் காபியோடு பார்ப்பாராம். அதன்படி மோன்கிராப்போக்கள் மொத்தம் நாற்பத்திரண்டு பேர். கியூபெக்கில் பதினொன்று. பிரான்ஸில் ஒருவர்கூட இல்லை.

"மீதி முப்பத்தொரு பேரும் இந்தியாவில் இருப்பதாகப் போட்டிருக்கிறான். யாரோ தட்டச்சில் செய்த தவறு. அதை நீக்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதிவிட்டேன். பதிலே இல்லை. அதை விடுங்கள். கியூபெக்கின் பதினொன்றில் ஒன்பது பேர் நாங்கள். அந்த மற்ற இரண்டு பேர் யார் என்று எட்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பேச்சைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. நீங்கள் பிரான்ஸிலிருந்து வந்த மூத்த கிளை!"

"நான் வந்தது..." என்று குணசீலன் ஆரம்பித்தார்.

"எதுவும் சொல்ல வேண்டாம். நேரில் சொல்லுங்கள். ஜூன் பதினான்கு, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் எங்கள் ஆண்டுக் கூட்டம். நீங்கள்தான் சிறப்பு விருந்தினர்."

குணசீலன் போனை வைத்தார். தன்னை யாரும் எதற்கும் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டதில்லை. தமிழ்ச் சங்கத்தில்கூட நாற்காலி அடுக்கத்தான் கூப்பிடுவார்கள்.

"யாருன்னு தெரியாமத்தானேங்க கூப்பிடறாங்க?" என்றாள் மனைவி சியாமளா, கல்யாணத்துக்குப் பிறகும் தன் அப்பா பெயரை விடாதவள். "போன்லயே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்ல விடலையே."

"சொல்ல மனசு வரல, அப்படிச் சொல்லுங்க."

அதுவும் உண்மைதான். ஜூன் பதினான்காம் தேதி அவர் கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கூட்டம் கால்வாய்க் கரையில் ஒரு சிறிய மண்டபத்தில். வாசலில் நீலத் துணியில் பொன்னிறத் தேரை ஒன்று பொறித்த கொடி பறந்துகொண்டிருந்தது. உள்ளே உறுப்பினர்களும் அவரவர் கணவன் மனைவியுமாக இருபது பேர் இருக்கலாம். எல்லோர் சட்டையிலும் அதே தேரை. குணசீலன் குடும்பம் உள்ளே நுழைந்ததும் பேச்சு அடங்கியது. வழக்கமாக இரண்டு நொடியில் சரியாகிவிடும் அந்த அமைதி இங்கே அரை நிமிஷம் நீண்டது.

ரொசேர் உயரமான, ஒல்லியான மனிதர். அவர் முதலில் குணசீலனைப் பார்த்தார். பிறகு சியாமளாவைப் பார்த்தார். பிறகு சஹானாவை. மூவரில் மோன்கிராப்போ யார் என்று அவர் கண்கள் தேடுவது வெளிப்படையாகத் தெரிந்தது. கடைசியில் மறுபடி குணசீலனிடம் வந்து, மிகுந்த பரிவோடு, "உங்களைத் தத்தெடுத்தார்களா?" என்றார்.

"இல்லைங்க. பிறந்ததே இந்தப் பெயரில்தான். புதுச்சேரியில்."

ரொசேர் பக்கத்திலிருந்த துணைத் தலைவரைப் பார்த்தார். துணைத் தலைவர் செயலாளரைப் பார்த்தார். மூவரும் ஒரு மூலைக்குப் போய் ஐந்து நிமிஷம் பேசினார்கள். திரும்பி வந்தபோது ரொசேரின் முகம் பிரகாசமாக இருந்தது. அந்த ஐந்து நிமிஷத்தில் வரலாறு முடிவாகியிருந்தது.

அவர் மைக்கைப் பிடித்தார். மோன்கிராப்போ என்பது சிலுவைப் போர் காலத்துப் பெயர் என்று ஆரம்பித்தார். தேரை வடிவத்தில் இருந்த ஒரு குன்றை ஒற்றை ஆளாகப் பிடித்த வீரனுக்கு அரசன் கொடுத்த பட்டம். அந்த வீரனின் வழிவந்தவர்கள் பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில் பொன்டிவி நகரில் வாழ்ந்தார்கள். அங்கிருந்து கியூபெக்குக்கு வந்தவர்தான் நம் மூதாதை இயாசேந்த் மோன்கிராப்போ. "இன்று நமக்கு ஒரு புது உண்மை தெரிய வந்திருக்கிறது. பொன்டிவி மோன்கிராப்போ ஒருவர் மாலுமியாக இந்தியாவுக்கும் போயிருக்கிறார். அங்கே அவர் தன் நினைவாக..." என்று கொஞ்சம் தயங்கி, "ஒரு கிளையை விட்டு வந்திருக்கிறார்" என்று முடித்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். சில பெண்கள் குணசீலனின் கொள்ளுப்பாட்டியை நினைத்து அனுதாபத்தோடு தலையசைத்தார்கள்.

"மூக்கைப் பாருங்கள்!" என்றார் ரொசேரின் ஒன்றுவிட்ட சகோதரி அக்னெஸ். அவர் பெரிய ருத்திராட்ச மாலை போட்டிருந்தார். யோகா வகுப்பு நடத்துகிறாராம். "அப்படியே எங்கள் அப்பாவின் மூக்கு!"

ஒவ்வொருவராக வந்து குணசீலனின் மூக்கைப் பார்த்தார்கள். பக்கவாட்டில் திரும்பச் சொன்னார்கள். அவர் திரும்பினார். கையில் கேக் தட்டு கொடுத்தார்கள், மேசையின் தலைப்பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். தன் மூக்கைப் பற்றி இதுவரை நல்லதாக ஒரு வார்த்தை கேட்டிராத குணசீலனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

சஹானா இதையெல்லாம் பார்க்கப் பிடிக்காமல் சுவரோரமாகப் போய் நின்றாள். சுவரில் சங்கத்தின் ஆவணங்களைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். இயாசேந்தின் திருமணப் பதிவு, 1894. அதுதான் இருப்பதிலேயே பழையது. அதற்கு முந்தையவை எல்லாம் ஏதோ தீவிபத்தில் போயிருக்க வேண்டும் என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கல்யாணப் போட்டோ. அதில் இயாசேந்த் நல்ல கறுப்பு. 'பழைய புகைப்படம் என்பதால் கறுத்துவிட்டது' என்று கீழே குறிப்பு. அவரை ஒட்டி நிற்கும் மணப்பெண் மட்டும் எப்படியோ கறுக்காமல் பளிச்சென்று இருந்தாள்.

சஹானா இரண்டையும் கைபேசியில் படம் எடுத்து, பதிவைப் பெரிதாக்கினாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, இதைப் படி. பிறந்த ஊர்னு எழுதியிருக்கிறது பொன்டிவி இல்ல. நடுவுல மை ஊறியிருக்கு. பொன்டிஷேரி."

சியாமளா படித்தாள். தொழில், கப்பல் சமையல்காரர். திருமணத்துக்கு முதல் நாள்தான் ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது. வளர்ந்த ஆளுக்கு எதற்கு ஞானஸ்நானம் என்ற கேள்விக்கும் சங்கம் ஒரு குறிப்பு எழுதி ஒட்டியிருந்தது: 'பக்தியின் மிகுதியால் இரண்டாம் முறை.' பதிவின் அடியில், மணமகன் கையெழுத்து போடவேண்டிய இடத்தில், வளைந்து வளைந்து ஒரு உருவம். 'எழுதத் தெரியாததால் குலச்சின்னமான தேரையை வரைந்திருக்கிறார். நம் கொடியின் மூலம் இதுவே.'

சியாமளா சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுப்பவள். அந்த உருவத்தைப் பதினொரு வருஷமாக வாராவாரம் பலகையில் எழுதுகிறவள். அவள் நேராகப் போய்க் கணவனின் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, கேக்கைக் கீழ வைங்க. அந்தக் கொடியில இருக்கிறது தேரை இல்ல. 'இ'."

"என்ன இ?"

"இருசப்பனுக்கு இ."

குணசீலனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. அதே நேரம் பார்த்து ரொசேர், "இப்போது நம் இந்தியச் சகோதரர் சில வார்த்தைகள் பேசுவார்" என்று மைக்கை நீட்டினார்.

குணசீலன் எழுந்தார். எதிரே இருபது முகங்கள், எல்லோர் நெஞ்சிலும் பொன்னிறத்தில் ஓர் 'இ'. "கேக் மிகவும் நன்றாக இருந்தது" என்றார். மறுபடியும் கைதட்டினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தார். 1883 காகிதத்தில் இரண்டு கையெழுத்துகள், மேலே 'சி', கீழே 'இ'. சஹானாவின் கைபேசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சுழியில் இருந்த ஒரு சின்ன நடுக்கம்கூட ஒன்றாக இருந்தது.

இருசப்பனைப் பற்றிக் குடும்பத்தில் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். 1889இல் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. சின்னக்கண்ணு சாகும்வரை தம்பிக்குத் திதி கொடுக்க மறுத்துவிட்டாராம். செத்தான் என்று யாரும் வந்து சொல்லவில்லையே என்பாராம். குணசீலனின் அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம், பாவம் கிழவர், மூளை கலங்கியிருக்கும் என்றுதான் குணசீலன் நினைத்திருக்கிறார். இப்போது அந்தக் கல்யாணப் போட்டோவைப் பார்த்தார். இருசப்பன் கோட்டுப் போட்டு, மீசையை முறுக்கி, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். சங்கத்தின் வம்சப் பட்டியல்படி ஆறு பிள்ளைகள் பெற்றிருக்கிறார். குணசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை பேரின்பநாதனிடம் ஆலோசனை கேட்டார்.

"சொல்லாதேங்கோ அண்ணை" என்றார் பேரின்பநாதன், ஒரு கணமும் யோசிக்காமல். "அந்தச் சனம் தங்களை ராச பரம்பரை எண்டு நினைச்சுக்கொண்டு சந்தோசமாய் இருக்குது. நீங்கள் போய், உங்கட பூட்டன் எங்கட ஊர்ச் சமையல்காரன் எண்டு சொன்னால் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சுவினமோ? பிறகு உங்களைத்தான் ஏசுவினம்."

"அவங்க தேடறதே அதைத்தானே நாதன்? எங்கேயிருந்து வந்தோம்னு தானே சங்கம் வெச்சிருக்காங்க?"

"ஓம். ஆனா விடை கிடைக்கோணும் எண்டு ஒருத்தரும் சங்கம் வைக்கிறேல்லை."

ஒரு வாரம் குணசீலன் தூங்காமல் புரண்டார். கடைசியில் போன் செய்து சொல்லிவிட்டார். காகிதத்தின் படத்தையும் அனுப்பினார். ரொசேர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "இது செயற்குழுவில் வைக்கப்பட வேண்டிய விஷயம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

செயற்குழு மூன்று முறை கூடியது. முதல் கூட்டத்தில், காகிதம் போலி என்றார்கள். இரண்டாம் கூட்டத்தில், காகிதம் உண்மை, ஆனால் இந்தியர்கள் கொடியைப் பார்த்து அந்த எழுத்தைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றார் துணைத் தலைவர். மூன்றாவது கூட்டத்தில்தான் செயலாளர் மெல்ல ஒரு சமாச்சாரத்தை வெளியே விட்டார். சங்கத்தில் ஐந்து பேர் ஏற்கெனவே எச்சில் கொடுத்து மரபணுச் சோதனை செய்திருந்தார்கள். ஐவருக்குமே பத்துப் பன்னிரண்டு சதவீதம் தெற்காசியா என்று வந்திருந்தது. ரொசேர் ஆய்வகத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதியிருந்தார். மாதிரிகளை யாருடையதோடோ கலந்துவிட்டீர்கள், அதுவும் ஐந்து முறை என்று.

அதற்குப் பிறகு சங்கம் பிளந்தது. துணைத் தலைவரும் இன்னும் மூன்று பேரும் பெயரை மோன்கிரெப்போ என்று மாற்றக்கோரி அரசுக்கு விண்ணப்பம் போட்டார்கள். தங்கள் குடும்பம் வேறு, ஒலி மட்டுமே ஒற்றுமை என்று அறிக்கை விட்டார்கள். அக்னெஸ் மறுநாளே பொட்டு வைத்துக்கொண்டு கர்க்லாண்டுக்கு வந்து, எனக்கு உள்ளுக்குள் எப்போதும் தெரியும் என்றார். சியாமளாவுக்குப் புடவை கட்டும் விதத்தில் இரண்டு திருத்தமும் சொன்னார். நம் சாதி என்ன, உயர்ந்ததுதானே என்றும் கேட்டார். அதை விட்டுவிடுகிறோம் என்று எழுதிக்கொடுத்துத்தான் இந்தப் பெயரையே வாங்கினார்கள் என்று குணசீலன் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

நான்கு பேர் பெயரை விடுகிறார்கள் என்று கேட்ட சஹானா, "அவங்களுக்கு வேண்டாம்னா நான் வெச்சுக்கிறேன்" என்றாள். ஏன் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள்.

ரொசேரிடமிருந்து மட்டும் சத்தமே இல்லை. ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து மணியடித்தார். சட்டையில் தேரை இல்லை. கையில் பூதக்கண்ணாடி.

"அசலைப் பார்க்கலாமா?" என்றார்.

"எங்களிடம் இருப்பதும் நகல்தான். ஆனால் தெளிவான நகல்."

சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்துவைத்து, நிலம் அளந்தவர் அளப்பதுபோல இரண்டு கையெழுத்துகளையும் கோடு கோடாகப் பார்த்தார். அரைமணி நேரம் ஆனது. பிறகு கண்ணாடியை மூடி வைத்தார்.

"ஒரே கை" என்றார். "பதினைந்து வருஷத்துக்கு முன் நாங்கள் எல்லோரும் பொன்டிவிக்குப் போனோம். அப்படி ஒரு பெயர் இந்த ஊரில் என்றுமே இருந்ததில்லை என்று நகராட்சியில் சொன்னார்கள். நான் அவர்களோடு சண்டை போட்டேன். தெரியுமா, எனக்கு அப்போதே உள்ளே ஏதோ பொறி தட்டியது. திரும்பி வந்து கொடியை இன்னும் பெரிதாகத் தைக்கச் சொன்னேன்."

சியாமளா வடைத் தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் ஒன்றைத் தின்றார். இன்னொன்றைத் தின்றார்.

"அந்த அண்ணன்," என்றார் கொஞ்ச நேரம் கழித்து, "தம்பியைத் தேடினாரா?"

"சாகிற வரைக்கும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்."

ரொசேர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கள் பக்கம் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இயாசேந்த் பிள்ளைகளிடம் எதுவுமே சொல்லவில்லை போலிருக்கிறது. நாங்களாகவே நிரப்பிக்கொண்டோம்."

போகும்போது அந்த இணையதளத்துக்கு நான்காவது கடிதம் எழுதியிருப்பதாகச் சொன்னார். இந்தியாவின் முப்பத்தொரு பேரை நீக்கச் சொன்ன கோரிக்கையை வாபஸ் வாங்கிக்கொள்கிறாராம். கியூபெக்கில் பதினொன்று ஏழாகப் போவதையும் இப்போதே தெரிவித்துவிட்டாராம்.

ஜனவரியில் ரொசேர் புதுச்சேரிக்குக் கிளம்பினார். குணசீலன் தன் சித்தப்பா மகன் ஏழுமலையின் விலாசத்தைக் கொடுத்து அனுப்பினார். மூன்றாம் நாள் டோர்வலில், யாரோ ஒருவரின் காணாமல்போன ஊதா நிறப் பெட்டியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. ஏழுமலைதான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அண்ணே, ஒரு வெள்ளக்காரத் தாத்தா வந்திருக்காரு. இருசப்பன் வாரிசாம். எல்லாரையும் கட்டிப்பிடிக்கிறாரு."

"ஆமாண்டா. நான்தான் அனுப்பினேன். நல்ல மனுஷன். நமக்குப் பங்காளி."

மறுமுனையில் பின்னால் யாரோ பெண்கள் கிசுகிசுப்பது கேட்டது.

"அதாண்ணே கேக்கலாம்னு கூப்பிட்டேன்" என்றான் ஏழுமலை. "வந்ததும் வராததுமா, தேரைமேடு எங்க, எது வரைக்கும் நம்மளுதுன்னு கேட்டாரு. பையிலேருந்து அளவு நாடாவ வேற எடுத்து வெளிய வெச்சிருக்காரு. நம்ம வீடு, வாடகைக்கு விட்ட ரெண்டு கடை, எல்லாம் அந்த மேட்டு மேலதான் இருக்கு. பங்காளின்னா, பங்கு கேப்பாராண்ணே?"

"அவர் நிலம் அளக்கிற உத்தியோகத்துல இருந்தவருடா. பழக்கதோஷம். வேற ஒண்ணும் இல்ல."

"சொல்லுவீங்க. நீங்க கனடாவுல இருக்கீங்க" என்றான் ஏழுமலை. "எங்க வக்கீல் என்ன சொல்றாருன்னா, எதுலயும் கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்கன்னு. மத்தபடி ஆளு தங்கம்ணே. மதியம் மீன் குழம்பு ஊத்தினோம். அழுதுக்கிட்டே சாப்பிட்டாரு. காரம்தான்னு நினைக்கிறேன்."